மின்சாரம் கம்பியிலிருந்து ஒழுகிவிடுமா?

கேள்வி (தேவிகுளம் ஆசிரியை):

தோட்டப் பகுதியில் உள்ள தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மொத்தம் 24 பிள்ளைகள். பெரும்பாலோர் கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகள். மூன்று பேர் ஜார்க்கண்டிலிருந்து பெற்றோரோடு வந்தவர்கள். இன்னும் தமிழ் எழுத்துக் கூட்டத் தொடங்கவில்லை.

மின்னோட்டத்தை விளக்க, பள்ளிவாசல் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் குழாய்களைச் சொன்னேன். 1940இல் தொடங்கிய, கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அது. பஸ்ஸில் போகும்போது பார்க்காத பிள்ளை இல்லை. நீரின் அழுத்தம் மின்னழுத்தம், ஓடும் நீர் மின்னோட்டம், குறுகிய குழாய் மின்தடை என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் நிறைவாக இருந்தது.

மறுவாரம் ஒரு பையன் டார்ச் செல்லில் ஒயர் கட்டி எடுத்து வந்தான். ஒயரின் இரண்டு முனைகளையும் மேல்நோக்கி வளைத்து ரப்பர் வளையம் போட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "கீழே தொங்கினால் கரண்ட் ஒழுகிவிடும், டீச்சர்" என்றான். வரிசையாக இணைத்த இரண்டு பல்புகளில் எது பிரகாசமாக எரியும் என்று தேர்வில் கேட்டிருந்தேன். 11 பேர், முதல் பல்புக்குத்தான் நிறைய கிடைக்கும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்று எழுதியிருந்தார்கள்.

இது அவர்கள் தவறு அல்ல, நான் ஊட்டியது. இந்த உவமையை விட்டுவிடவா? எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் பிரித்து உட்காரவைக்காமல் எப்படி வேறுவேறு வேலை கொடுப்பது?

பதில் 1 (கம்பம், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்):

விட வேண்டாம் அம்மா. பிரெஞ்சு அறிவியலாளர் கார்னோ 1824இல் வெப்பத்தின் ஆற்றலை விளக்க அருவியைத்தான் உவமை காட்டினார். ஆனால் ஒரே உவமையோடு நிறுத்தினால் பிள்ளைகள் அதிலேயே தங்கிவிடுவார்கள். இரண்டாவதாகக் கயிற்றைக் கொடுங்கள்.

15 மீட்டர் பருத்திக் கயிற்றை முனை சேர்த்து முடிந்து, அங்கங்கே ரிப்பன் கட்டுங்கள். நைலான் வேண்டாம், கை அறுக்கும். எல்லாரும் வட்டமாக நின்று கயிறு கையில் தளர்வாக ஓடும்படி பிடிக்கட்டும். ஒருவர் நிதானமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர்தான் செல். எதிரே ஒருவர் சற்று இறுக்கிப் பிடிக்க வேண்டும், அவர் பல்பு. பல்புக்கு முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை நின்று ஒரு நிமிடத்தில் கடக்கும் ரிப்பன்களை எண்ணட்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாகத்தான் வரும். பல்பு மின்னோட்டத்தைத் தின்பதில்லை என்பதை அதற்குமேல் நீங்கள் சொல்லவே வேண்டாம். இன்னும் இறுக்கினால் கயிறு அங்கே மட்டுமல்ல, வட்டம் முழுவதும் மெதுவாகும்.

பதில் 2 (கொழிஞ்சாம்பாறை, தமிழாசிரியை):

அறிவியல் எனக்குத் தெரியாது, உவமை தெரியும். வினை, பயன், மெய், உரு என நான்கு வகையில் உவமை பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். "புலி போலப் பாய்ந்தான்" என்றால் வினை மட்டும்தான் ஒப்பு; அவனுக்கு வால் தேட மாட்டோம். "துடி (உடுக்கை) போன்ற இடை" என்றால் வடிவம் ஒப்பு; அது மெய் உவமை. நீங்கள் சொன்னது வினை உவமை. அந்தப் பையன் அதை மெய் உவமையாக எடுத்துக்கொண்டு ஒயருக்குள் ஈரத்தைத் தேடியிருக்கிறான். எதில் ஒக்கும், எதில் ஒவ்வாது என்று அவர்களையே சொல்லவையுங்கள். இதை என் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே செய்கிறார்கள்.

பதில் 3 (கம்பம் ஆசிரியர் மீண்டும்):

வேறுவேறு வேலை பற்றிக் கேட்டீர்களே. மதிப்பெண் பார்த்துப் பிரிக்காதீர்கள். கேள்வி எல்லாருக்கும் ஒன்றே: பல்பைத் தாண்டினால் மின்னோட்டம் குறைகிறதா? கண்டுபிடிக்கும் வழியை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு குழு கயிறு, ஒரு குழு படம், ஒரு குழு பெரிய வகுப்பிலிருந்து அம்மீட்டர் வாங்கிப் பல்புக்கு முன்னும் பின்னும் அளப்பது. பிறகு குழுக்களைக் கலைத்து, ஒருவர் கண்டதை மற்றவருக்குக் காட்டச் சொல்லுங்கள்.

தேவிகுளம் ஆசிரியை:

நேற்று செய்தோம். மழை காரணமாக வராந்தாவிலேயே வட்டம் போட்டோம். ஜார்க்கண்டுச் சிறுமி ஒருத்தி தானே முன்வந்து பல்பாக நின்றாள். கயிறு நின்றதும் சிவந்த உள்ளங்கையை விரித்து, "கரம், கரம்" என்றாள். கையைச் சொல்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒயரை வளைத்துக் கொண்டுவந்த அதே பையன் அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், சூடு என்கிறாள்" என்றான். பல்பு ஏன் சுடுகிறது என்ற பாடத்தை அவள்தான் தொடங்கிவைத்தாள்.

நீரோடு ஒவ்வாதவை என்ற பட்டியலில் அந்தப் பையன் எழுதிய முதல் வரி: "அறுத்தால் ஒழுகாது, நின்றுவிடும்."

பல்புகளைத் தனித்தனி வழிகளில் இணைக்கும் பக்க இணைப்புக்கு இந்த ஒற்றைக் கயிறு போதவில்லை. அதற்கு மறுபடி பள்ளிவாசலுக்கே போகலாம் என்றிருக்கிறேன். அங்கே குழாய்கள் பக்கம் பக்கமாகத்தானே இறங்குகின்றன? இந்த முறை எங்கே ஒவ்வாது என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன்.