எச்.எஸ்.ஜி ரிப்போர்ட்டில் ‘கார்னுவல் பிளாக்’: ட்யூப் நிஜமாகவே அடைத்திருக்கிறதா?

கேள்வி:
மாதவிடாயின் 9ஆம் நாள் எச்.எஸ்.ஜி (கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி ட்யூப், அதாவது கருக்குழாய், திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே) எடுத்தேன். “கர்ப்பப்பை வடிவம் இயல்பு. வலது ட்யூபில் கார்னுவல் பிளாக். இடது ட்யூப் நுனியில் விரிவு, ஸ்பில் (மருந்து வெளியே வழிவது) இல்லை” என்று ரிப்போர்ட். இரண்டு ட்யூபும் போய்விட்டதா? இனி ஐ.வி.எஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) மட்டும்தானா?

பதில் 1:
ரெண்டையும் ஒரே தட்டில் வைக்காதீங்க. முதலில் வலது. கார்னு என்பது கர்ப்பப்பையின் மேல்மூலை, ட்யூப் கிளம்புற இடம். அங்கே துவாரம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். மருந்தை வேகமாகத் தள்ளினாலோ, வலியில் உடம்பு இறுகினாலோ சுற்றியுள்ள தசை சுருங்கி வழியை மூடிக்கும். சின்னச் சளித்துணுக்கு சிக்கினாலும் போதும். படத்தில் அசல் அடைப்பு மாதிரியேதான் தெரியும். அதோடு இடது பக்கம் மருந்து சுலபமாக ஏறினால், வலதைத் திறக்கிற அழுத்தமே வராது. அதனால் இந்த ஒரு படத்தை வைத்து வலது ட்யூபைக் கைவிட வேண்டாம். இன்னொரு முறை மெதுவாக மருந்து செலுத்திப் பார்க்கலாம், கதீட்டர் என்ற மெல்லிய குழாயை அந்த மூலையிலேயே வைத்துச் செலுத்தலாம், அல்லது லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பது) நீலச்சாயம் விட்டு நேரில் பார்க்கலாம்.

பதில் 2:
இடதுதான் கவனிக்க வேண்டியது. நுனி மூடி நீர் கோத்திருந்தால் அது ஹைட்ரோசால்பின்க்ஸ். தசை இறுக்கம் நுனியை இப்படி வீங்க வைக்காது. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்தால் ஐ.வி.எஃப் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதனால்தான் கரு வைப்பதற்கு முன்பே அந்த ட்யூபை எடுக்கவோ, அடியில் கிளிப் போடவோ சொல்வாங்க. ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல் ஃபிலிமைக் கேட்டு வாங்குங்க: ட்யூபுக்குள் நீளவாக்கில் மடிப்புக்கோடுகள் தெரிந்தால் உள்தோல் ஓரளவு பிழைத்திருக்கு; வழவழன்னு பை மாதிரி இருந்தால் சேதம் அதிகம்.

விரிந்த ட்யூபில் மருந்து தேங்கினால் தொற்று வரலாம். காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்க.

கேள்வி கேட்டவர்:
காய்ச்சல் இல்லை. ஃபிலிமில் வலது ட்யூப் மணிமாலை மாதிரியெல்லாம் இல்லை, மூலையிலேயே நின்றுவிட்டது. டிபி டெஸ்ட் அவசியமா?

பதில் 1:
நம் நாட்டில் ட்யூப் கெடுவதற்கு டிபி முக்கியக் காரணம். டிபி தாக்கிய ட்யூப் படத்தில் மணிமாலை மாதிரி தெரியலாம்; ஆனால் மணிமாலை இல்லை என்பதால் மட்டும் டிபியை விலக்கிவிட முடியாது. லேப்ராஸ்கோப்பி செய்தால் கர்ப்பப்பை உள்தோலில் சிறு துணுக்கு எடுத்து சோதிக்கச் சொல்லுங்க. கணவரின் விந்துப் பரிசோதனை இன்னும் முடியலைன்னா, அறுவைக்குத் தேதி வாங்கும் முன் அதை முடிச்சிடுங்க. எந்த சிகிச்சை என்பதே அதன் முடிவால் மாறலாம்.