பெறாமகனுக்கு எடை குறைக்கும் சத்திரசிகிச்சை: எங்களிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

கொக்குவில்_சாந்தி
வணக்கம். என் அக்கா குடும்பம் நியூ ஜேர்சியில் இருக்கிறது. பெறாமகனுக்கு 16 வயது, 124 கிலோ, உயரம் ஐந்தடி எட்டங்குலம். போன வருசம் சலரோகம் என்று சொல்லிவிட்டார்கள், இரவில் குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது, அக்கா நித்திரை இல்லாமல் பக்கத்தில் இருந்து பார்க்கிறா. அவர்களுடைய பிள்ளை வைத்தியர் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: சோற்றைக் குறையுங்கள், நடக்க விடுங்கள். அதே வைத்தியரிடம் போகிற ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்கு, இவனோடு படிக்கிறவன்தான், இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பிரேஷனுக்குக் கடிதம் கொடுத்து அது முடிந்தும் விட்டது. இப்படி ஒன்று பிள்ளைகளுக்கும் செய்வார்கள் என்பதே அந்தத் தாய் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். இது நிறம் பார்த்து நடக்கிறதா, நாங்கள் வாய் திறந்து கேட்காததாலா? இங்கே அம்மா வேறு, வளர்ற பிள்ளை, உயரம் எழும்பச் சரியாகிவிடும் என்று போனில் ஒரே பிடியாக நிற்கிறா.

தேன்மொழி_நியூயோர்க்
சாந்தி அக்கா, நான் இங்கே உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். அந்த வைத்தியர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது, ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமானது. 2017 முதல் 2020 வரை எடுத்த அரசாங்கக் கணக்கில் உடற்பருமன் உள்ள பிள்ளைகள் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழி வந்த) இனத்தில் 26.2%, கறுப்பினத்தில் 24.8%, வெள்ளையரில் 16.6%. வருத்தம் எங்கே கூட இருக்கிறதோ அங்கேதானே சிகிச்சையும் கூடப் போக வேண்டும்? டீன்-லேப்ஸ் என்று ஐந்து மருத்துவமனைகளில் 242 இளம் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது, அதில் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 72% வெள்ளையர்.

கத்தி வைக்கும் மேசைக்குப் போக முதலே வடிகட்டல் நடந்துவிடுகிறது. முதலில் குடும்ப வைத்தியர் கடிதம் தர வேண்டும். பிறகு காப்புறுதி, அதிலும் சில நிறுவனங்கள் மாதக்கணக்கில் உணவுக் கட்டுப்பாட்டு வகுப்புக்குப் போன பதிவு கேட்கும், ஒரு தவணை தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஏழைகளுக்கான அரசாங்கக் காப்புறுதி மெடிக்கெய்ட், அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். மணித்தியாலச் சம்பளத்தில் நிற்கிற தாய் இத்தனை தவணைக்கும் லீவு எடுப்பது எப்படி? யாரும் 'உன் பிள்ளைக்கு இல்லை' என்று சொல்வதில்லை, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் விழுந்துவிடுகிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கில் கண்ணிலேயே படுவதில்லை. சீனர், வியட்நாமியர், இந்தியர், நாங்கள், எல்லாரும் 'ஆசியர்' என்ற ஒரே பெட்டிக்குள், மொத்தமாக 9%. அதைப் பார்க்கிறவருக்கு எங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றுதான் தோன்றும். எங்கள் உடம்புக்கோ குறைந்த எடையிலேயே சலரோகம் வருகிறது, அதனால்தான் 2022இல் சத்திரசிகிச்சை நிபுணர் சங்கங்கள் ஆசிய வளர்ந்தவர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 27.5 என்று எல்லையை இறக்கின. உங்கள் பெறாமகனுக்கு அந்தச் சலுகையும் தேவையில்லை, நீங்கள் சொன்ன அளவுக்கு 41க்கு மேலே வருகிறது.

நல்லூர்_ரவி
எல்லாம் சரி, ஆனால் 16 வயதுப் பிள்ளையின் வயிற்றை வெட்டுவதை உரிமை என்று கதைக்கிறோமா? கொத்தையும் சோடாவையும் நிறுத்திப் பார்த்தார்களா? பிறகு வாழ்நாள் முழுக்க மாத்திரை அல்லவா?

தேன்மொழி_நியூயோர்க்
ரவி அண்ணா, பயம் நியாயம். இரைப்பையில் ஏறத்தாழ 80% போய்விடும், விற்றமின்கள் காலம் முழுக்க எடுக்க வேண்டும், அந்த ஆய்வில் மூன்று வருசத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரும்புச்சத்து இருப்பு குறைந்தது, சிலருக்கு வயிற்றில் மறுபடி ஒப்பிரேஷனும் தேவைப்பட்டது. அதே மூன்று வருசத்தில் சராசரி 27% எடை குறைந்தது, முன்பு இரண்டாம் வகைச் சலரோகம் இருந்தவர்களில் 95% பேருக்கு அது அடங்கியது. வேண்டாம் என்று முடிவெடுக்கலாம், அதையும் எல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் குடும்பம் எடுக்கட்டும். வெள்ளைக்காரத் தாய்க்கு அந்த விவரம் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

சங்கானை_மருத்துவமாது
நான் இங்கே குடும்பநல உத்தியோகத்தர். காசு இல்லாமல் பார்க்கிற எங்கள் நாட்டிலும் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் முதலில் கதவு திறக்கிறது. பள்ளிக்கூடத்தில் நிறுக்கும்போது மெலிந்த பிள்ளைக்காக ஓடி வருகிற தாய், மொத்தமான பிள்ளையைக் காட்டி 'வடிவாச் சாப்பிடுவான்' என்று சந்தோசப்படுகிறா. கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருப்பதை ஊத்தை என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், தேய்த்துப் போகாது.

சாந்தி, ஒன்று கேட்கிறேன். அங்கே வைத்தியரோடு கதைக்கும்போது யார் மொழிபெயர்க்கிறார்கள்?

கொக்குவில்_சாந்தி
அவன்தான். அக்காவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு.

சங்கானை_மருத்துவமாது
அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கோ. தன் உடம்பைப் பற்றி வைத்தியர் சொல்வதைத் தாய்க்குத் தானே சொல்ல வேண்டிய பிள்ளை, பாதியை விழுங்கிவிடும். வெட்கம் அப்படி.

தேன்மொழி_நியூயோர்க்
மிகச் சரி. அரசாங்கக் காசு வாங்கும் மருத்துவமனைகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், இது சட்டம், போனிலாவது தமிழ் ஆள் கிடைப்பார். தவணை எடுக்கும்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். அப்புறம் வைத்தியரிடம் இப்படிக் கேட்கலாம்: 2023இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 13 வயதுக்கு மேல் இந்த நிலையில் உள்ள பிள்ளைகளைச் சத்திரசிகிச்சை நிலையத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறது, என் மகனை ஏன் அனுப்பவில்லை? அனுப்ப மறுத்தால் காரணத்தைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். 12 வயதுக்கு மேல் அனுமதித்த, எடை குறைக்கும் செமக்ளூடைட் ஊசி பற்றியும் கேளுங்கள். மூச்சு நிற்பதற்கு நித்திரைப் பரிசோதனை, அது இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, இந்தக் கிழமையே.

கொக்குவில்_சாந்தி
இதை அப்படியே அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். தவணைக்குப் போகும்போது நானும் வட்ஸ்அப்பில் நிற்கப் போகிறேன். அம்மாவுக்கு இன்று பின்னேரம் நானே சொல்கிறேன். பெறாமகனிடம் இதுவரை ஒருவரும் அவனுக்கு என்ன விருப்பம் என்று கேட்கவில்லை, முதலில் அவனோடு கதைக்கச் சொல்லி அக்காவுக்கு எழுதினேன்.