ஓரிகான் கடற்கரை 101: ஆர்வியோடு எந்தெந்த ஸ்டேட் பார்க்கில் தங்கலாம்?

புதுவண்டி:
ஜூலை நடுவில் போர்ட்லாந்தில் 30 அடி கிளாஸ் சி ஆர்வி (படுக்கை, சமையலறை, கழிவறை உள்ள நடுத்தர அளவு வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, அஸ்டோரியாவிலிருந்து புரூக்கிங்ஸ் வரை கடலோர நெடுஞ்சாலையான யுஎஸ் 101-இல் போகலாம் என்று இருக்கிறோம். பெரியவர்கள் நான்கு, பிள்ளைகள் இரண்டு. ஆறு இரவு, ஸ்டேட் பார்க் மட்டும். கடைசி நாள் காலை வண்டியைத் திருப்பித் தர வேண்டும். எங்கே நிறுத்துவது? எல்லா இடத்திலும் ஃபுல் ஹூக்கப் (மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு) தேவையா? தெற்கிலிருந்து வடக்கே வருவது நல்லதா?

தேர்ப்பாகன்:
வடக்கிலிருந்து தெற்கே போங்க. கடல் உங்க வலப்பக்கம் வரும். வியூபாயிண்ட் வந்தா அப்படியே வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்திட்டுக் கிளம்பலாம். எதிர்த்திசையில வந்தா ஒவ்வொரு தடவையும் எதிரே வர்ற வண்டிகளைக் கடந்து திரும்பணும். வளைவை ஒட்டின இடங்கள்ல இவ்வளவு நீள வண்டிக்கு அது வம்பு. கோடைப் பிற்பகல் காற்றும் பெரும்பாலும் வடக்கு, வடமேற்குலருந்துதான் வரும்.

புரூக்கிங்ஸ் வரை போற திட்டத்தைத்தான் மாத்தணும். அங்கிருந்து கிரெசென்ட் சிட்டி, யுஎஸ் 199, கிரான்ட்ஸ் பாஸ், ஐ-5 விரைவுச்சாலை வழியா போர்ட்லாந்து சுமார் 350 மைல். காலையில வண்டியை ஒப்படைக்கணும்னா நடக்காது. பாண்டன்லயே திரும்பிடுங்க:

1: ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் (அஸ்டோரியா பக்கம்)
2: சவுத் பீச் (நியூபோர்ட்டுக்குத் தெற்கே)
3: ஹனிமேன் (ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே 3 மைல்)
4, 5: புல்லர்ட்ஸ் பீச் (பாண்டனுக்கு வடக்கே)
6: ஷாம்போயெக், போர்ட்லாந்துக்குத் தெற்கே

ஆறாம் நாள் பாண்டன்லருந்து 42எஸ், 42 மாநிலச் சாலைகள் வழியா வின்ஸ்டன் போய் ஐ-5 ஏறினா ஷாம்போயெக் சுமார் 240 மைல். ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் முதல் சவுத் பீச் வரை 140 மைல் இருக்கும், கரையோரத்துல அதுதான் நீளமான நாள். மத்ததெல்லாம் 50, 70 மைல்தான். செக்-அவுட் பகல் 1 மணி, செக்-இன் மாலை 4 மணி. நடுவுல மூணு மணி நேரம் எப்படியும் வெளியதான் இருக்கணும், அதனால தூரம் குறைவா இருக்கேன்னு நினைக்காதீங்க.

மழைக்காகம்:
திட்டம் சரி. முன்பதிவு பற்றி ஒன்று. ஓரிகானில் வருகைத் தேதிக்கு 6 மாதம் முன்பு திறக்கும். ஜூலை 15-க்கு ஜனவரி 15. வெள்ளி, சனி இரவுகள்தான் முதலில் தீரும். எனவே சனி இரவு ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் வருமாறு பயணத்தைத் தொடங்குங்கள். அங்கே ஐந்நூறுக்கு மேல் இடங்கள். தேதி கடந்துவிட்டது என்றால் ரத்தாகும் இடங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெளிமாநிலத்தவருக்கு ஆர்வி இடம் 25 சதவீதம் கூடுதல்.

இடத்தின் நீளத்தைப் பார்க்கும்போது விளம்பரத்தில் உள்ள 30-ஐ நம்பாதீர்கள். பம்பர், ஏணி, சைக்கிள் ரேக் எல்லாம் சேர்த்து அளந்து கேளுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசும். இடத்தை விட்டு வெளியே வரும்போது மின்கம்பத்தில் மோதுவது அதனால்தான். முன்பகுதி முழுதும் சாலைக்கு வந்த பிறகே ஸ்டியரிங்கை ஒடியுங்கள்.

புதுவண்டி:
மிக்க நன்றி. கேப் லுக்அவுட் ரொம்ப அழகு என்கிறார்களே, சேர்க்கலாமா? சவுத் பீச்சில் சீவர் (கழிவுநீர்) இணைப்பு இல்லை என்று தெரிகிறது, சமாளிக்க முடியுமா?

தேர்ப்பாகன்:
கேப் லுக்அவுட் 101-ஐ விட்டு விலகி, டில்லமுக்லருந்து நெட்டார்ட்ஸ் வழியா போகணும். சாலை குறுகல். அங்க பெரும்பாலும் கூடார இடங்கள், ஹூக்கப் இடம் நாற்பது கூட இருக்காது. கிடைச்சா போங்க, அதை நம்பித் திட்டம் போடாதீங்க.

சக்கரவீடு:
சீவர் கேள்விக்கு. வாடகை கிளாஸ் சி-யில் கிரே (குளியல், கழுவும் நீர்), பிளாக் (கழிப்பறைக் கழிவு) டேங்க் இரண்டும் தலா சுமார் 30 கேலன் என்று வையுங்கள். ஷவர் நிமிடத்துக்கு 2 கேலன். ஐந்து நிமிடக் குளியல் மூன்று பேர் போட்டால் கிரே நிரம்பிவிடும். பார்க் குளியலறையில் வெந்நீர் இலவசம், குளியலை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலி செய்தாலே போதும். ஃபோர்ட் ஸ்டீவன்ஸ், ஹனிமேன், புல்லர்ட்ஸ் மூன்றிலும் ஃபுல் ஹூக்கப் உண்டு. சவுத் பீச்சில் மின்சாரமும் தண்ணீரும் இருக்கின்றன, வெளியேறும்போது டேங்கைக் காலி செய்ய டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது.

ஃபுல் ஹூக்கப்பிலும் பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் வடிந்து ஓடிவிடும், கெட்டியானது டேங்கிலேயே குவிந்து இறுகிவிடும். மூடி வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் திறங்கள். முதலில் பிளாக், அது ஓய்ந்து வால்வை மூடியபின் கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். டம்ப் ஸ்டேஷனில் கழுவுவதற்கு என்று இருக்கும் குழாயில் குடிநீர் ஹோஸை மாட்டவே கூடாது.

வண்டி 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் 3600 வாட்தான். கடற்கரையில் ஏசி தேவைப்படாது, இரவுக் குளிருக்கு ஹீட்டர்தான் ஓடும். 1500 வாட் ஹீட்டர், மின்சாரத்தில் வாட்டர் ஹீட்டர், மைக்ரோவேவ் மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். வாட்டர் ஹீட்டரைப் புரொப்பேனுக்கு மாற்றிவிடுங்கள். இடத்தில் 50 ஆம்ப் சாக்கெட் மட்டும் இருந்தால் அடாப்டர் வேண்டும். வாடகைக் கிட்டில் அதுவும் வாட்டர் பிரஷர் ரெகுலேட்டரும் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள்.

மழைக்காகம்:
விட்டுப்போன ஒன்று: நியூபோர்ட், ஃபிளாரன்ஸ், ரீட்ஸ்போர்ட், கூஸ் பே பாலங்கள் 1936-இல் கட்டியவை, லேன் குறுகல். எதிரே லாரி வந்தால் வலப்பக்கம் மிக ஒட்டாதீர்கள், கண்ணாடி தடுப்பில் உரசும். வேகத்தைக் குறைத்து லேன் நடுவில் இருங்கள். கடலோர முகாம்களில் சுனாமி வெளியேறும் வழிப் பலகை இருக்கும். நிலம் நீண்ட நேரம் குலுங்கினால் சைரனுக்குக் காத்திருக்காமல், ஹூக்கப்பைக் கழற்ற நிற்காமல், மேட்டுக்கு நடந்து ஏற வேண்டும். வந்திறங்கியதும் பிள்ளைகளுக்கு அந்த வழியைக் காட்டிவிடுங்கள்.