1876 டாட்ஜ் சிட்டி துப்பாக்கிப் போட்டி: தோட்டா விஷயத்தில் உதவி தேவை

கௌபாய் சாகசக் குறுநாவல் ஒன்று எழுதுகிறேன், கிளைமாக்ஸில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இடம் கான்சாஸின் டாட்ஜ் சிட்டி, 1876 ஜூலை. துப்பாக்கி சுடும் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு முன் நாயகனின் ரைஃபிள் தோட்டாக்களை யாரோ திருடிவிடுகிறார்கள். இடுப்பில் இருக்கும் ரிவால்வரிலிருந்து தோட்டாக்களை உருவி ரைஃபிளில் போட்டு அவன் சுட வேண்டும். இந்தக் காட்சி இல்லாமல் கதையே இல்லை.

முதலில் வின்செஸ்டர் 1873 ரைஃபிளையும் கோல்ட் பீஸ்மேக்கர் ரிவால்வரையும் ஜோடி சேர்த்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. அந்த ரைஃபிளுக்கு .44-40 தோட்டா, அதே தோட்டாவுக்கு கோல்ட் ரிவால்வர் வந்தது 1877-78 வாக்கில்தான். ஆண்டைத் தள்ளலாமென்றால், கதையில் போட்டி நடப்பதே அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டுக்காக. அப்புறம் பழைய ஜோடி ஒன்று கிடைத்தது: வின்செஸ்டர் 1866, கோல்ட் 1872 ஓபன் டாப். இரண்டுக்கும் ஒரே தோட்டா, .44 ஹென்றி ரிம்ஃபயர் (அடிப்பக்க விளிம்பில் அடித்தால் வெடிக்கும் வகை). ஆனால் அது பலம் குறைந்த தோட்டா: கருமருந்து 26 முதல் 28 கிரெயின்தான் (கிரெயின் ஒரு சிறு எடை அளவு), .44-40-இல் 40. (சினிமாக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.)

கடைசி இலக்கு 200 கஜம் தள்ளி இருக்கிறது. பழைய துப்பாக்கிகள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: .44 ஹென்றியை வைத்து அந்தத் தூரத்தில் ஒரு கைதேர்ந்தவன் அடித்தான் என்றால் நம்பும்படி இருக்குமா?