பம்ப் போட்டால் லைட் மங்குகிறது, ஜிபிஎஸ் அணைகிறது. அவசர உதவி வேண்டும்

உவரிக்கரை
வணக்கம். பழைய அலுமினிய போட் ஒன்று வாங்கினேன். உள்ளே இருந்த வயரையெல்லாம் பிய்த்துவிட்டுப் புதுசாகப் போட்டாயிற்று. தண்ணி இறைக்கிற பம்ப் சுவிட்சைத் தட்டினால் அணியத்தில், அதாவது முன்முனையில் இருக்கிற சிவப்பு, பச்சை லைட் மங்குகிறது. ஜிபிஎஸ் அணைந்து திரும்ப எரிகிறது. பேட்டரி புதுசு. நாளைக்கு வலை விடணும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வள்ளியூர் வயர்மேன்
அண்ணாச்சி, போட் எத்தனை அடி? என்ன வயர், பம்ப் எத்தனை ஆம்ப்? பேட்டரி எங்கே இருக்கு? முக்கியமா, நெகட்டிவை எங்கே கொடுத்திருக்கீங்க?

தாமிரபரணி
கடலுக்கா, குளத்துக்கா? இன்ஜின் கயிறு இழுக்கிறதா, செல்ஃபா?

பணகுடி பேட்டரி
பேட்டரிதான். புதுசு என்று கடையில் சொன்னால் போதுமா? பம்ப் ஓடும்போது பேட்டரி முனையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கேயே 12-க்குக் கீழே விழுந்தால் நான் சொன்னதுதான்.

உவரிக்கரை
16 அடி. கடல். செல்ஃப். பேட்டரி முன்னால், பம்ப் பின்னால், 5 ஆம்ப். முனையில் 12.4 நிற்கிறது, விழவில்லை. வயர் ஆட்டோவுக்குப் போடுவதுதான், 1.5 சதுர மி.மீ. நெகட்டிவ் பாடி எர்த், அதாவது போட் தகட்டிலேயே போல்ட் அடித்துக் கொடுத்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் போட்டுக்கொடுத்தார்.

மூத்த மெக்கானிக்
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் கேட்டிருக்க வேண்டாம். தம்பி, அலுமினிய போட்டில் பாடி எர்த் கூடாது என்பது அரிச்சுவடி. அது தெரியாமல் வயரில் கை வைக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் போல்ட்டைக் கழற்று. வாஷருக்கு அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். வயர் நுனியில் மாட்டுகிற தாமிர லக் அலுமினியத்தில் நேராக உட்கார்ந்து உப்புத் தண்ணியும் பட்டால் அரிபடுவது அலுமினியம்தான். அந்தப் பொடி கரண்டை விடாது. எல்லா நெகட்டிவும் அந்த ஒரே போல்ட் வழியாகத் திரும்புவதால், பம்ப் இழுக்கும்போது லைட்டும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து அடிவாங்குகின்றன.

வள்ளியூர் வயர்மேன்
மெக்கானிக் அண்ணாச்சி சொல்வது சரி. லைட் மங்குவதை விடப் பெரிய ஆபத்தும் இருக்கு. கரண்ட் பாடியிலிருந்து தண்ணிக்குள் இறங்குகிற இடத்தில் தகடு கரையும். ஒவ்வொன்றுக்கும் தனி நெகட்டிவ் வயர் இழுத்து ஒரு பஸ் பாரில், அதாவது பல வயரைச் சேர்க்கிற உலோகப் பட்டையில் சேருங்கள். பம்புக்கு 1.5 பத்தாது. போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 5 ஆம்ப் இழுத்தால் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 போட்டால் 0.35. வெள்ளீயம் பூசிய தாமிர வயர் கிடைத்தால் அதுவே போடுங்கள், உப்புக்குச் சீக்கிரம் கறுக்காது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 7 அங்குலத்துக்குள் மெயின் ஃபியூஸ் இருக்கணும்.

கூடுதாழை
லக்கையெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். எங்கள் வள்ளத்தில் அப்படித்தான், இதுவரை விடவில்லை.

மூத்த மெக்கானிக்
தவறான யோசனை. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயர் கம்பி போல விறைத்துவிடும். இன்ஜின் அதிர்வில் ஈயம் முடிகிற இடத்தில் ஒடியும். லக்கை வயர்மேல் இறுக்கிப் பிடிக்கவைக்கிற கிரிம்ப்தான் சரி.

கூடுதாழை
இடுக்கியால் நசுக்கிய கிரிம்ப் கையோடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே உப்புக்காற்று புகுந்தால் உங்கள் கிரிம்ப்பும் பச்சை பூக்கும்.

மூத்த மெக்கானிக்
இடுக்கியால் நசுக்குவதற்குப் பெயர் கிரிம்ப் அல்ல. அதற்கென்று டூல் இருக்கிறது.

பணகுடி பேட்டரி
டூலால் கிரிம்ப் அடித்து, மேலே பசை உள்ள ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்கினால் காற்றும் புகாது, வயரும் வளையும். இரண்டு பேரும் கொஞ்சம் விடுங்கள். கேட்டவர் நாளைக்குக் கடலுக்குப் போகணும்.

தாமிரபரணி
ஒன்று விட்டுப்போயிற்று. செல்ஃப் இன்ஜினில் நெகட்டிவ் இன்ஜின் பாடியோடு சேர்ந்திருக்கும். அந்த இன்ஜின் பின்பலகைத் தகட்டில்தான் போல்ட் அடித்து நிற்கிறது. அதனால் எர்த்தைக் கழற்றிய பிறகும் மீட்டர் பாடிக்குத் தொடர்பு காட்டும், பயப்படாதீர்கள். அந்த ஒரு இடம் இருக்கலாம். லைட், பம்ப், ஜிபிஎஸ் கரண்ட் பாடி வழியாகத் திரும்பக் கூடாது, அதுதான் கணக்கு. சோதிக்க, இன்ஜின் நெகட்டிவ் உட்பட எல்லா நெகட்டிவையும் பேட்டரியிலிருந்து பிரியுங்கள். சுவிட்சுகள் ஆஃப். ஒவ்வொரு வயரையும் பஸ் பாரிலிருந்து தனியாக எடுத்து, மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து வயருக்கும் தகட்டுக்கும் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் வயர் தவிர எது கத்துகிறதோ அது எங்கோ தோல் உரிந்து தகட்டைத் தொடுகிறது. அப்புறம், அடித்தளத்தில் வெட்டிப்போட்ட தாமிரத் துண்டு கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஈரத்தில் கிடந்தால் அதன் அடியிலேயே குழி விழும்.

உவரிக்கரை
எல்லோருக்கும் நன்றி. போல்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடிதான். 2.5-ல் தனி நெகட்டிவ் இழுத்தாச்சு. லைட் மங்கவில்லை, ஜிபிஎஸ் நிற்கிறது. பம்புக்குப் பக்கத்தில் ரிவெட் ஓரமாக ஊசிக் குழி இரண்டு இடத்தில் இருக்கு. எம்சீல் வைத்து அடைத்தால் போதுமா?

வள்ளியூர் வயர்மேன்
வேண்டாம் அண்ணாச்சி. பொடியைச் சுரண்டிவிட்டுப் படம் போடுங்க. தகடு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கணும். அதுவரை போட்டை இறக்காதீங்க.

தாமிரபரணி
படம் வந்ததா?