டைபீரியஸ் டெனாரியஸில் இருப்பது லிவியாவாம்!

காசுக்கிறுக்கன்: நேற்று ஒரு காணொளி. ரோமப் பேரரசன் டைபீரியஸின் டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசைக் காட்டி, "பின்பக்கம் உட்கார்ந்திருப்பது அவன் அம்மா லிவியா, சந்தேகமே வேண்டாம்" என்கிறார் ஒருத்தர். எங்கேய்யா எழுதியிருக்கு? சுற்றிலும் 'பொன்டிஃப் மேக்சிம்'தான். தலைமைப் பூசாரி என்ற அவன் பட்டம். லிவியா பேர் ஓரெழுத்துகூட இல்லை.

ரோமரசிகை: பேர் போடலேன்னா ஆளே இல்லையா? கையில் கிளை, செங்கோல், அரசி மாதிரி தோரணை. வேற யாராம்? பின்னாடி வந்த பேரரசன் கிளாடியஸ் அடிச்ச பித்தளைக் காசுல லிவியா இப்படித்தான் உட்கார்ந்திருக்கா.

காசுக்கிறுக்கன்: அதில் கையில் கதிரும் தீப்பந்தமும்மா, கிளை இல்லை. 'திவா அகஸ்டா', அதாவது தெய்வமான அகஸ்டா என்று லிவியாவின் பட்டப்பேரும் இருக்கு. போட நினைத்தால் போடுவார்கள். இதில் எங்கே பேர்?

ரோமரசிகை: இதே உருவம் டைபீரியஸுக்கு முந்தின பேரரசர் அகஸ்டஸோட கடைசிக் காசுலயே வந்தாச்சு. அப்போ லிவியா அவர் பெண்டாட்டி. இன்னும் பொருந்துதே!

காசுக்கிறுக்கன்: பெண்டாட்டி என்றால் காசில் வந்துவிடுவாளா? ரோமின் ஆட்சி மன்றமான செனட் அவளுக்குப் பட்டங்களை வாரிக்கொடுக்க வந்தபோது தடுத்தவன் டைபீரியஸ். கி.பி. 29இல் செத்தபோது சடங்குக்குக்கூடப் போகவில்லை, தெய்வமாக்கவும் விடவில்லை. இந்தக் காசோ அவன் ஆட்சி முழுக்க வந்தது. அந்த மகனா அம்மாவைக் காசில் உட்காரவைப்பான்? பேர் எங்கே?

கொங்குவெள்ளி: எங்க கோயமுத்தூர்ப் பக்கம் புதையல்ல இதுதாங்க நிறைய வரும். பைபிள்ல இயேசுகிட்ட காட்டின வரிக்காசும் இதேதான்.

காசுக்கிறுக்கன்: சுவிசேஷத்தில் 'சீசர்' என்ற பேரரசர் பட்டம்தான் இருக்கு தம்பி, எந்த சீசர் என்று இல்லை. அகஸ்டஸ் தன் பேரன்கள் கையஸ், லூசியஸ் உருவத்தோடு அடித்த காசும் உங்க பக்கம் குவியலாகக் கிடைச்சிருக்கு. அதை மறந்தாச்சா?

கொங்குவெள்ளி: மறக்கலைங்க. போன வருசம் நீங்க எனக்கு வித்த கையஸ், லூசியஸ் காசையும் மறக்கலை. விளிம்பைச் சுத்தி வார்ப்புக் கோடு, அடிச்ச காசு இல்ல, ஊத்தின போலி!

காசுக்கிறுக்கன்: தேய்மானத்துக்கும் வார்ப்புக்கும் வித்தியாசம் தெரியாதவரோடு என்ன பேச்சு. நான் கேட்டது பேர்.

ரோமரசிகை: ஆகா, போலிக் காசு விக்கிறவர் எங்களுக்குப் பாடம் எடுக்கிறாரு! நாற்காலிக் காலைப் பாருங்க சார், பின்னாடி வந்த அச்சுகள்ல அலங்காரமா கடைஞ்சிருக்கும். சிலர் சொல்ற மாதிரி அது லிவியா இல்ல, சும்மா ஒரு சாந்தி தேவதைன்னா அதுக்கு அவ்வளவு மெனக்கெடலா?

காசுக்கிறுக்கன்: கால் அலங்காரம் அச்சு வெட்டியவன் கைவரிசை. நாற்காலிக்குப் பேர் வைக்கிறீர்களே, அம்மாவுக்கு வைத்தானா?

கொங்குவெள்ளி: நீங்க வித்த காசு எடையும் குறைச்சல், 3.1 கிராம்தாங்க இருந்துச்சு. பணத்தை எப்போ திருப்பித் தர்றீங்க?