கொழிஞ்சாம்பாறை வகுப்பும் பொள்ளாச்சி வகுப்பும் ஒரே ஆவணத்தில் எழுதலாமா?

சித்தூர்_சமூகவியல்
கேரளத்தில் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா தமிழ் மீடியம் ஆசிரியர்கள் முன் ஒரு யோசனை வைக்கிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு எட்டாம் வகுப்பு, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு எட்டாம் வகுப்பு. இரண்டும் சேர்ந்து ஆழியாற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரே கூகுள் டாக்ஸில் எழுத வேண்டும். பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. எல்லையோரம் தண்ணீரை அளக்கும் மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தர வேண்டும் என்கிறது. சித்தூர்ப் பக்கம் மூலத்தறைத் தடுப்பணைக்குக் கீழே நெல் போட்டவருக்கு இந்த எண் ஒரு விதமாகத் தெரியும், பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு ஆயக்கட்டில் தென்னை வைத்தவருக்கு வேறு விதமாகத் தெரியும். இரு வீட்டிலும் பேசுவது தமிழ்தான், ஆனால் பிள்ளைகள் படிப்பது இரண்டு மாநிலப் பாடத்திட்டம். அவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துக் கேள்வி கேட்க வேறு வழி இல்லை.

வெற்றுப் பக்கத்தைத் திறந்து விட்டால் ஒருவர் வரிக்குள் இன்னொருவர் புகுந்து எல்லாம் குழம்பும். அட்டவணை போட்டுத்தான் தர வேண்டும். இடது பத்தி சித்தூர், வலது பத்தி பொள்ளாச்சி. வரிசைகள் ஐந்து: அணைகள், ஒப்பந்தம், மணக்கடவு அளவு, பயிர், கோடை. ஒரு கட்டத்துக்கு இரண்டு பிள்ளைகள், ஆறு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். அடுத்தவர் கட்டத்தில் எழுதக் கூடாது, கருத்துப் பெட்டியில் கேள்வி மட்டும் கேட்கலாம். யார் எதை எப்போது மாற்றினார் என்பது திருத்த வரலாற்றில் இருக்கும். நோட்டில் முடிந்த கட்டுரை மட்டும்தான் நம் கைக்கு வருகிறது. பிள்ளை எதை எழுதி, எதை அடித்து, எங்கே தயங்கியது என்பது இதில் தெரியும்.

வேலந்தாவளம்_தமிழ்
சார், நோக்கத்தில் குறை சொல்லவில்லை. ஆனால் 40 நிமிட பீரியடில் இது நடக்காது. லாகின் செய்து, கடவுச்சொல் மறந்தவருக்கு மாற்றிக் கொடுத்து முடிப்பதற்குள் கால்வாசி நேரம் போய்விடும். மீதி நேரத்தில் விசைப்பலகையில் ழகரம் எங்கே என்று தேடும் பிள்ளை இரண்டு வாக்கியம் தட்டினால் பெரிது. அதே பிள்ளை பேனாவில் ஒரு பக்கம் எழுதியிருக்கும்.

தேர்வை மறக்க வேண்டாம். கேரளத்தில் எட்டாம் வகுப்பில் 2024–25 முதல் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 சதவீதம் எடுத்தாக வேண்டும். 40-க்கு 12. தமிழ் மீடியத்தில் அந்த 12-க்குத் தடுமாறும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது தாளில் நிற்கும் கை.

இன்னொன்று. 'வகுப்பில்' என்று ஆரம்பிக்கும் எதுவும் ஒரு மாதத்தில் 'வீட்டில் முடித்துக்கொண்டு வா' என்று ஆகிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் நோட்ஸ் அனுப்புவதை மேல்நிலைப் பிரிவில் 2024-ல் நிறுத்தச் சொன்னதே இதனால்தான். பிரின்ட் எடுக்கும் செலவு பெற்றோர் தலையில் விழுந்தது, வகுப்பில் நேரடியாகக் கற்பதும் குறைந்தது.

பெற்றோர்_எருத்தேன்பதி
டீச்சர் சொன்னது எங்கள் பக்கம் அப்படியே பொருந்தும். வீட்டில் ஒரு போன்தான், அது வேலைக்குப் போகும் ஆளோடு போய் இருட்டிய பிறகு திரும்பி வரும். அதில் இரண்டு பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்றால் சின்னவளுக்குக் கிடைக்காது.

கணக்கு விஷயத்தையும் யோசியுங்கள். கூகுளில் சொந்தக் கணக்குக்கு 13 வயது நிறைய வேண்டும். எட்டாம் வகுப்பு ஆரம்பத்தில் பலருக்கு 12 தான். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறக்கும் பழக்கத்தைப் பள்ளிக்கூடமே சொல்லித் தரக் கூடாது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. அந்த ஒப்புதல் தாள் தமிழில் வர வேண்டும். வகுப்புக் குழுவில் மலையாள அறிவிப்பைப் படம் பிடித்துப் போட்டால் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் எதற்குச் சம்மதிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

சித்தூர்_சமூகவியல்
வீட்டுக்கு ஒன்றுமே போகக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆய்வக நேரத்துக்குள் முடிய வேண்டும். சொந்தக் கணக்கு வேண்டாம். இணைப்பு கிடைத்த எவரும் திருத்தலாம் என்று அமைத்து விட்டால் லாகின் தேவைப்படாதே?

கணினி_ஆய்வகம்
அது மட்டும் வேண்டாம் சார். லாகின் இல்லாமல் நுழைந்தால் எல்லாரும் பெயர் தெரியாத ஏதோ ஒரு விலங்காகத்தான் திரையில் தெரிவார்கள். ஒரு கட்டம் முழுக்க அழிந்தால் யார் அழித்தது என்று திருத்த வரலாறும் சொல்லாது. நீங்கள் எதற்காக இதைக் கேட்டீர்களோ அதுவே போய்விடும். அந்த இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் ஊரே உள்ளே வரும்.

பள்ளிக்குள் நடப்பதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். ஒரே பக்கத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுத ஈதர்பேட் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு லேப்டாப்பைச் சர்வராக வைத்தால் போதும். கேரளப் பள்ளிகளின் ஐ.டி. வேலையைப் பார்க்கும் கைட் தந்த நம் லேப்டாப்கள் உபுண்டு இயங்குதளத்தை ஒட்டியவை. அதில் ஈதர்பேட் ஓடத் தேவையான நோட்-ஜேஎஸ் மென்பொருளைப் போட்டு, அதன் மேல் ஈதர்பேட் நிறுவ வேண்டும். நிறுவும் அன்று மட்டும் இன்டர்நெட் தேவை. பிறகு சர்வருக்கு நிலையான ஐபி (வலை முகவரி எண்) கொடுங்கள், உதாரணமாக 192.168.1.10. மற்ற லேப்டாப்களில் பிரவுசரைத் திறந்து அந்த எண்ணோடு முக்காற்புள்ளி வைத்து 9001 என்று போட்டால் பக்கம் வந்துவிடும். கணக்கு, கடவுச்சொல் எதுவும் கேட்காது. பிள்ளை தன் பெயரைத் தட்டினால் அவள் எழுதுவதெல்லாம் அவள் நிறத்தில் விழும். அட்டவணை போட இதில் வசதி இல்லை. அதனால் குழுவுக்கு ஒரு பேட் (எழுதும் பக்கம்) திறங்கள், 8அ-1, 8அ-2 என்று.

எங்கே மாட்டும் என்பதையும் சொல்கிறேன். பக்கம் திறக்கவே இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று, சர்வரின் ஃபயர்வாலில் 9001 திறக்கப்படவில்லை. இன்னொன்று, வைஃபை ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் ஓடிக்கொண்டிருக்கும். அது இருந்தால் எல்லாருக்கும் சிக்னல் முழுதாகக் காட்டும், ஆனால் ஒரு லேப்டாப் இன்னொன்றைப் பார்க்காது. அணைத்து விடுங்கள். சர்வர் லேப்டாப்பை யாராவது மூடினால் அது தூங்கிப் போய் மொத்த வகுப்பும் அறுந்து நிற்கும். மூடினாலும் தூங்காதபடி பவர் அமைப்பில் மாற்றிவிட்டு, ஆசிரியர் மேசையிலேயே வையுங்கள். கரன்ட் போனால் லேப்டாப்களுக்குப் பேட்டரி இருக்கும், ரவுட்டருக்கு இருக்காது. ரவுட்டரை யுபிஎஸ்ஸில் மாட்டினால் போதும். தட்டியது அவ்வப்போதே சேமிக்கப்படுவதால் இணைப்பு போனாலும் கடைசி ஓரிரு சொற்களுக்கு மேல் இழப்பு வராது.

நிற அடையாளத்தை அழிக்கும் பொத்தான் ஒன்று மேலே இருக்கிறது. யாராவது அழுத்தத்தான் செய்வார்கள். பயப்பட வேண்டாம், டைம்ஸ்லைடரைப் பின்னால் இழுத்தால் ஒவ்வொரு எழுத்தும் விழுந்த வரிசை அப்படியே ஓடும். ஒரு குறை உண்மையிலேயே உண்டு. பெயரை யாரும் சரிபார்ப்பதில்லை. ஒருத்தி இன்னொருத்தி பெயரைப் போடலாம். அதனால் எந்த லேப்டாப்பில் யார் உட்கார்ந்தார் என்று தாளில் குறித்து வையுங்கள்.

தட்டச்சு பற்றி டீச்சர் சொன்னது சரி. ஆனால் அதில் பாதிச் சிக்கல் நாம் செய்வது. ஒரு லேப்டாப்பில் தமிழ்99, அடுத்ததில் இன்ஸ்கிரிப்ட், மூன்றாவதில் ஆங்கில ஒலிப்பு என்று வைத்தால் பிள்ளைக்கு எதுவும் கையில் நிற்காது. எல்லாவற்றிலும் ஒன்றே இருக்கட்டும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கேள்விகளை ஒட்டாதீர்கள். அது யூனிகோட் இல்லை, பேடில் ஆங்கில எழுத்துக் கலவையாகத்தான் விழும். முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். 'கொ', 'கோ' போன்றவை உடைகின்றனவா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

பொள்ளாச்சி_உயர்நிலை
அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் உட்கார்வது நடக்காது. பள்ளி மணி வேறு, பீரியட் வேறு. நீங்கள் ஓணத்துக்கு மூடும்போது எங்களுக்குப் பள்ளி உண்டு, எங்கள் காலாண்டு விடுமுறையில் உங்களுக்கு உண்டு. ஆய்வகமும் எங்களுக்கு எப்போதும் காலியாக இருக்காது, ஆன்லைன் மதிப்பீடு வந்தால் அதற்குத்தான் முதலிடம். உள்ளே ஈதர்பேட், இரு பள்ளிக்கும் நடுவே கூகுள் டாக்ஸ், அதுவும் இரண்டு ஆசிரியர் கணக்கில் மட்டும் என்று வைத்தால் ஒத்து வரும். செவ்வாய்க்கிழமை உங்கள் பிள்ளைகள் எழுதியதை நீங்கள் அட்டவணையில் ஒட்டுங்கள். வியாழக்கிழமை எங்கள் பிள்ளைகள் படித்துக் கேள்வி எழுதுவார்கள். பிள்ளையின் முழுப் பெயர், படம் எதுவும் எல்லை தாண்ட வேண்டாம், குழு எண் போதும்.

தண்ணீர் விஷயத்தில் வார்த்தை தடிக்கும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். 'நீங்கள் தரவில்லை', 'நீங்கள் கேட்கிறீர்கள்' என்று ஆரம்பித்தால் வகுப்பு கெட்டுவிடும். கேள்விகளை 'எவ்வளவு, எப்போது, யார் அளந்தது' என்ற மூன்றுக்குள் கட்டுங்கள். ஆசிரியர் படித்துப் பார்த்த பிறகே மறுபக்கம் போகட்டும்.

வேலந்தாவளம்_தமிழ்
இப்போதுதான் வகுப்பறைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. ஆனாலும் என் எதிர்ப்பு போகவில்லை. ஒரு பேடில் ஐந்து பேர் என்றால், வேகமாகத் தட்டும் ஒருவன் முழுதும் எழுதுவான், மற்ற நால்வர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தமிழில் நன்றாக யோசித்து மெதுவாகத் தட்டும் பெண்பிள்ளை இதில் காணாமல் போவாள். திரையில் நிறம் வந்துவிட்டதென்று அது அவரவர் யோசனை ஆகிவிடாது.

சித்தூர்_சமூகவியல்
சரியான கேள்வி டீச்சர். அதற்குத்தான் ஓர் ஒழுங்கு: முதல் பீரியடில் லேப்டாப்பே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பங்கை நோட்டில் எழுதட்டும், அதை நீங்களோ நானோ பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். இரண்டாம் பீரியடில் அதைத் தட்டுவது மட்டும். ஐவர் ஒரே வரியில் முட்டாமல் இருக்க, முன்கூட்டியே பேடில் 1 முதல் 5 வரை எண் போட்டு, நடுவே நான்கு வெற்று வரி விட்டு வைக்கலாம். மூன்றாம் பீரியடில் பக்கத்து எண்ணுக்கு ஒரு கேள்வி, தனக்கு வந்த கேள்விக்கு ஒரு திருத்தம். மதிப்பெண்ணை அந்தத் திருத்தத்துக்குத் தருவேன், எத்தனை வரி தட்டினாள் என்பதற்கு இல்லை. 40 மதிப்பெண் தேர்வுக்கு 10, 80-க்கு 20 என்று தொடர் மதிப்பீடு தனியாக இருக்கிறதே, இந்த வேலை அதற்குள் வரட்டும். எழுத்துத் தேர்வுக்கான கைப்பழக்கம் முதல் பீரியடிலேயே கிடைத்துவிடுகிறது.

கணினி_ஆய்வகம்
தட்டச்சுக்கு ஒன்று சேர்க்கலாம். அதற்கு முந்தைய இரண்டு வாரம் ஐ.டி. பீரியடில் பத்துப் பத்து நிமிடம் தமிழ்99 மட்டும். உயிரெழுத்து எல்லாம் இடக்கையில், அடிக்கடி வரும் மெய் எல்லாம் வலக்கையில் என்பது பிடிபட்டால் மீதி சீக்கிரம் வரும். பாட ஆசிரியர் பீரியடில் விசைப்பலகை கற்றுத் தருவதுதான் நேரத்தைத் தின்கிறது.

வேலந்தாவளம்_தமிழ்
நோட்டு முதலில் என்பதை எழுத்தில் வைத்தால் எதிர்க்க மாட்டேன். எனக்கு இன்னும் மூன்று விஷயம் வேண்டும். ஓணத் தேர்வு முடியும் வரை தொடங்க வேண்டாம். தட்ட முடியாத பிள்ளைக்கு நோட்டுப் பக்கத்தையே ஸ்கேன் செய்து ஒட்ட அனுமதி வேண்டும், அதற்கு மதிப்பெண் குறையக் கூடாது. கேரளத் தமிழ்ப் புத்தகமும் தமிழ்நாட்டுப் புத்தகமும் அத்தியாய வரிசையில் ஒத்துப் போகாது. அதனால் அந்தப் பக்கத்து வீடியோவைப் பாடத்துக்குப் பதிலாகப் போட்டுவிட்டு இதை 'கூட்டுக் கற்றல்' என்று கணக்குக் காட்டக் கூடாது. எட்டாம் வகுப்பைவிட ஒன்பதில் ஆரம்பிப்பதே நல்லது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

பெற்றோர்_எருத்தேன்பதி
ஒப்புதல் தாளைத் தமிழில் எழுதி பி.டி.ஏ. கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள்.

பொள்ளாச்சி_உயர்நிலை
ஒன்பதாம் வகுப்பு என்றாலும் எங்களுக்குச் சரி. எங்கள் காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளி திறந்ததும் முதல் செவ்வாய் உங்கள் முறை. மணக்கடவு வரிசையை இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதட்டும், ஒன்றாக்க வேண்டாம்.